கிளிமூக்குச் சேவலின் நாட்டிலே

கொடைக்கானல் செல்லும் ஆவலில் வத்தலக்குண்டிலிருந்து பேருந்து ஏறிய வாசகர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். காட்ரோடு என்னும் இடத்தில் வண்டி வலப்புறம் திரும்பி மலையேறத் தொடங்கியதும் உங்கள் கண்களும் மேலே ஏறியிருக்கும். (மலைப்பாதையைக் குறிக்கும் 'காட்' என்ற வடபுலச் சொல்லும் 'ரோடு' என்ற ஆங்கிலச் சொல்லும் ஒட்டிப் பிறந்த பெயர் அது, காட்டுக்கும் அதற்கும் உறவில்லை.) அங்கே திரும்பாமல் தேனிச் சாலையில் நேரே சென்றிருந்தால் சிறிது தொலைவிலேயே தேவதானப்பட்டி உங்களை வரவேற்றிருக்கும். சுற்றுலா வருவோர் நின்று பார்க்காத ஊர். இம்முறை நீங்கள் அங்கே இறங்கிக்கொள்ள வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஊருக்கு வடக்கே பழனி மலைத்தொடர் சுவர் போல எழுந்து நிற்கிறது. அம்மலையிலிருந்து 297 மீட்டர் உயரம் ஒரே வீழ்ச்சியாக விழும் தலையாற்று அருவியைக் கொடைக்கானல் பாதையிலுள்ள டம்டம் பாறையிலிருந்து காண்போர் 'எலிவால் அருவி' என்பர். மெல்லிய வெண்கோடாக அது தொங்கும் அழகுக்கு அப்பெயர் பொருத்தமே. அந்நீர்தான் மஞ்சளாறாகி, அணையில் தேங்கி, தேவதானப்பட்டியின் வயல்களுக்கும் தோப்புகளுக்கும் வருகிறது. மாவும் தென்னையும் வாழையும் செழித்த மண். 'தேவதானம்' என்பது கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தின் பெயர். நம்மிடையே வக்பு சொத்து எப்படியோ அப்படி. இவ்வூர் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை என்பதும், மூடிய கதவுக்கே வழிபாடு நடைபெறுகிறது என்பதும் இந்து சகோதரர்கள் பெருமையோடு கூறும் செய்தி.

ஆனால் நான் உங்களை அழைத்தது அணைக்கும் அருவிக்கும் அன்று. வீடுகளின் பின்புறத்தில், கொல்லையில், முருங்கை மரத்தடியில் நடமாடும் ஓர் உயிரினத்தைக் காட்டவே அழைத்தேன். சுபுஹு நேரத்தில் பள்ளிவாசலின் பாங்கோசைக்கு முன்னும் பின்னுமாகச் சேவல்கள் கூவும் ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு அவ்வோசையின் இனிமையைச் சொல்ல வேண்டியதில்லை. சேவல் கூவக் கேட்டால் அல்லாஹ்விடம் அவன் அருளை வேண்டுமாறும், அது ஒரு வானவரைக் கண்டிருக்கிறது என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய கருத்தில் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் ஹதீஸ் வந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கொல்லைச் சேவலுக்கு இதைவிட உயர்ந்த நற்சான்று வேறென்ன வேண்டும்?

முதலில் மலையைப் பாருங்கள். அக்காடுகளில் சாம்பல் நிறக் காட்டுக்கோழி வாழ்கிறது. இந்தியாவை விட்டு உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத பறவை அது. அதன் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகுத் துளிகள் தெளித்தாற்போன்ற மஞ்சள் புள்ளிகள் மின்னும். அவ்விறகுகளைத் தூண்டிலில் பூச்சி போலக் கட்டி மீன்பிடிக்க மேனாட்டார் விரும்பி வாங்கிய காலம் ஒன்றிருந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதனைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். உலகின் வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழியே என்று விஞ்ஞானிகள் நெடுங்காலம் கூறிவந்தனர். 2008ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி ஒன்று அதில் சிறு திருத்தம் செய்தது. வீட்டுக் கோழிகளில் பலவற்றின் காலும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று அது காட்டிற்று. ஆகவே உலகின் எந்த மூலையிலும் மஞ்சள் கால் கோழி ஒன்றைக் கண்டால், அதன் தாய்வழியிலோ தந்தைவழியிலோ நம் பக்கத்து மலைக்காட்டுச் சொந்தம் ஒன்று உண்டு என்று எண்ணிக்கொள்ளலாம்.

மலையை விட்டு இனிக் கொல்லைக்கு வருவோம். பெரியகுளம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் வட்டாரங்களில் மக்கள் பேணி வளர்க்கும் உயர்சாதிக் கோழிக்கு 'அசில்' என்று பெயர். உங்கள் பிள்ளை மதரஸாவில் அரபு படித்தால் அவனிடமே பொருள் கேட்டுப் பாருங்கள். 'அஸ்ல்' என்றால் வேர், அடி, மூலம். 'அஸீல்' என்றால் மூலம் கெடாதது, குலம் கலவாதது. அரபியர் தம் தூய வம்சக் குதிரைக்கு வழங்கும் அதே சொல்லை இந்நாட்டார் ஒரு கோழிக்கு வழங்கினர். குதிரையோடு பிணைந்த பெயரைத் தாங்கிய இராவுத்தர் சமூகத்தார் பெரியகுளத்திலிருந்து உத்தமபாளையம், கம்பம் வரை இப்பள்ளத்தாக்கில் பரவி வாழ்கின்றனர். அவர்கள் காதுக்கு இச்சொல் அந்நியமாக ஒலித்திருக்காது.

இக்கோழியின் வம்சம் சென்ற தொலைவு வியப்புக்குரியது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியார் அசில் கோழியைத் தங்கள் நாட்டுச் சண்டைக் கோழிகளோடு இணைத்து, அகன்ற மார்புடைய 'கார்னிஷ்' என்னும் இனத்தை உருவாக்கினர். அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டு 'நாளையக் கோழி' என்ற பெயரில் நடைபெற்ற நாடு தழுவிய போட்டியில் முதற்பரிசு பெற்றது கார்னிஷ் கலப்புக் கோழியே. அதன்பின் பெருகிய பிராய்லர் கோழிகளின் தந்தை வழியெல்லாம் கார்னிஷ்தான். பெருநாளன்று நம் வீட்டுச் சட்டியில் வேகும் பிராய்லரும் அசிலின் தூரத்து உறவு என்றால் நம்புவீர்களா? உறவுதான், ஆனால் குணத்தில் எவ்வளவு வேறுபாடு! பிராய்லர் நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தொட்டுவிடும். அசில் சேவல் நான்கைந்து கிலோ வரை வளரும் பறவையே எனினும், உருவம் நிரம்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். கொல்லை அசில் பெட்டையோ ஐம்பது அறுபதைத் தாண்டுவது அரிது. கணக்குப் பார்ப்பவன் இதனை வளர்க்க மாட்டான்.

பின் ஏன் வளர்க்கிறார்கள்? இந்தக் கேள்விதான் நம் பயணத்தின் மையம்.

அரியானாவின் கர்னால் நகரில் நாட்டின் கால்நடை இனங்களைப் பதிவு செய்யும், 1984இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம் ஒன்று இயங்குகிறது. அதன் ஏடுகளில் அசிலின் தாயகமாக ஆந்திரம், ஒடிசா, சத்தீசுகர் ஆகியவை குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாடு அந்த வரியில் இல்லை. இங்குள்ளவர்களுக்கு அதைப்பற்றிக் கவலையும் இல்லை. 'பெருவிடை' என்றும் 'சிறுவிடை' என்றும் இரு பெரும் பிரிவாக நாட்டுக்கோழிகளைப் பிரித்து, பெருவிடைச் சேவல்களை இறகின் நிறத்தால் காகம், கீரி, மயில், வல்லூறு என்றெல்லாம் பெயரிட்டு அழைப்பது இவர்கள் வழக்கம். அப்பெருவிடைகளில் தனிச்சிறப்பு வாய்ந்ததுதான் கிளிமூக்கு விசிறிவால் சேவல். அலகு நீண்டு கூர்மையாக இராமல், கிளியின் மூக்கைப் போலக் குட்டையாக, தடித்து, கீழ்நோக்கி வளைந்திருக்கும். வால் இறகுகள் நீண்டு, அடர்ந்து, விசிறியாய் விரிந்து நிலத்தைத் தொடும். நிமிர்ந்த கழுத்தோடு அது நடந்து வரும்போது சிறு மயிலொன்று வருகிறதோ என மயங்குவீர்கள்.

அசில் என்றாலே சண்டை என்று நினைக்கும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழையது. கோழிப்போரில் மாண்ட சேவலுக்கு நடுகல் நட்டவர்கள் தமிழர்கள். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் உருவத்தோடும் வட்டெழுத்தோடும் நிற்கும் கல் ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டினது. உறையூருக்கே கோழியூர் என்று பெயருண்டு. மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரங்களில் சேவல் சண்டை எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை 2011இல் வெளிவந்த 'ஆடுகளம்' திரைப்படம் ஊரறியச் செய்தது. ஆனால் அந்தக் களத்தின் மறுபக்கத்தைப் பெண்களிடம் கேட்க வேண்டும். பந்தயத்தில் தோற்றவன் வீட்டுக்குக் கொண்டுவருவது கடன். வென்றவன் கொண்டுவருவது அடுத்த பந்தயத்துக்கான ஆசை. சூதாட்டம் ஹராம் என்பதில் நம்மிடையே இரு கருத்தில்லை. விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூது, திர்மிதி நூல்களில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ் கலையினர் பேசியிருக்கின்றனர் என்றாலும், கருத்தில் உலமாக்கள் மாறுபடவில்லை. நாட்டின் சட்டமும், 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்தால், விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைக் குற்றமாக்கியிருக்கிறது.

அப்படியானால் சண்டை நின்றால் சேவலும் அழிந்துவிடுமா? இந்த அச்சத்தைச் சண்டைப் பிரியர்கள் வாதமாகவே வைப்பதுண்டு. அதற்கு விடை இப்பகுதியிலேயே இருக்கிறது. கிளிமூக்கு விசிறிவால் சேவல் களத்துக்கு உரியதன்று. அந்த வளைந்த குட்டை அலகும் தரை தொடும் வாலும் சண்டைக்குப் பெருந்தடை. தேவதானப்பட்டிக்குக் கிழக்கே, திண்டுக்கல் மாவட்டத்து அய்யம்பாளையத்தில் இவ்வகைச் சேவல்களுக்கென்றே கண்காட்சி நடத்தப்பட்டு வந்திருக்கிறது. வெளி மாவட்டங்களிலிருந்தும் பறவைகள் வரும். அலகின் வளைவு, கழுத்தின் நிமிர்வு, கண்ணின் தெளிவு, வாலின் விரிவு ஆகியவற்றைப் பார்த்துப் பரிசு தருவர். ஒரு சேவலும் இன்னொன்றின் மேல் பாய்வதில்லை. ஒரு துளி இரத்தமும் சிந்துவதில்லை. நல்ல பறவையின் விலை ஆயிரங்களில் தொடங்கி இலட்சத்தைத் தொடுகிறது. அழகுக்காகவே ஓர் இனத்தைக் காக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

விலை உயர்ந்தால் ஆபத்தும் உயரும் என்பதை மட்டும் மறவாதீர்கள். 2012ஆம் ஆண்டு கொங்கு நாட்டில் ஈமு கோழி வளர்ப்பு மோசடி வெடித்து எத்தனை குடும்பங்கள் சேமிப்பை இழந்தன என்பது உங்கள் நினைவில் இருக்கும். மத்தியப் பிரதேசத்துக் கடக்நாத் கருங்கோழிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்த பின்பு, கறுப்பாக இருந்த கோழியெல்லாம் கருங்கோழி என்று விலைபோன கதையையும் கேட்டிருப்பீர்கள். கிளிமூக்கிலும் அதே நடக்கிறது. குஞ்சாக இருக்கும்போது அலகின் வளைவும் வாலின் நீளமும் முழுதாகத் தெரியாது. எனவே குஞ்சை நம்பி வாங்காதீர்கள். தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புங்கள். இதனைத் தொழிலாக எண்ணிக் கடன் வாங்கி இறங்குவோருக்கு நான் சொல்வது ஒன்றே: வேண்டாம். ஒரு சேவல், நான்கு பெட்டை, கொஞ்சம் கொல்லை, நிறையப் பொறுமை. அளவு இதுவே.

பறவை வளர்ப்பது நம் மார்க்கத்துக்கு ஒத்ததா என ஐயுறும் வாசகர்களும் உண்டு. அபூ உமைர் என்ற சிறுவரை நினைவுகூருங்கள். அவர் வளர்த்த சிறு குருவி இறந்துவிட்டபோது, வாடிய முகத்தோடிருந்த அப்பிள்ளையிடம், அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று அன்போடு விசாரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். வளர்த்ததைத் தவறு என்று அவர்கள் சொல்லவில்லை. பறவையை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அறிஞர்கள் இதனை ஆதாரமாகக் காட்டுவர்; உணவும் நீரும் இடமும் குறைவின்றித் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்வர். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் முடிவை நாம் அறிவோமே.

இங்கேதான் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அசில் சேவல்கள் ஒன்றையொன்று கண்டால் பாயும் இயல்புடையவை. சண்டைக்கென வளர்க்காவிட்டாலும் அந்தக் குணம் போகாது. அதனால் ஒவ்வொரு சேவலையும் காலில் கயிறிட்டு, முளையடித்து, நாள் முழுவதும் தனித்தனியே கட்டிப்போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நிழல் நகரும், முளை நகராது. காலையில் நிழலில் கட்டிய சேவல் நண்பகலில் வெயிலில் நின்று வாய் பிளந்து மூச்சு வாங்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கயிறு உரசிய காலில் புண் வரும். நாய் வந்தால் ஓட வழியிராது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஒரு வீட்டில் சிறுவர்கள் அம்பெய்து பழகக் கோழியொன்றைக் கட்டி வைத்திருப்பதைக் கண்டு, அதனை அவிழ்த்து, அக்கோழியையும் சிறுவனையும் பெரியவர்களிடம் கொண்டுபோய்ப் பிள்ளைகளைக் கண்டிக்கச் சொன்னதாகப் புகாரியில் வருகிறது. அது குறிபார்க்கக் கட்டியது. இது காவலுக்குக் கட்டுவது. இரண்டும் ஒன்றல்ல என்பீர்கள். உண்மையே. ஆயினும் ஒவ்வொரு சேவலுக்கும் கம்பிவலையால் ஒரு சிறு அறை தடுத்துக்கொடுக்க முடிந்தவர், கயிற்றை எடுப்பதற்கு முன் ஒருகணம் அவிழ்த்த அந்தக் கைகளை எண்ணட்டும். அறைகளுக்கிடையே தட்டியோ தகடோ வைத்து மறைத்தால் போதும். ஒன்றையொன்று காணாத சேவல்கள் அமைதியாகவே இருக்கும். கொண்டையையும் தாடையையும் அறுத்துவிடும் வழக்கமும் களத்துக்காக வந்ததே. காட்சிச் சேவலுக்கு அது தேவையில்லை. உடற்சூட்டை வெளியேற்ற அவ்வுறுப்புகள் அதற்கு உதவுகின்றன.

கூடு கட்டும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஏனெனில் பெரும்பாலோர் பறவைக்கு ஆயிரமாயிரமாகக் கொடுத்துவிட்டுக் கூட்டுக்குப் பழைய தகரத்தைத் தேடுகிறார்கள். தகரக் கூரை இப்பகுதி வெயிலில் அடுப்பாகிவிடும். தென்னங்கீற்றோ நாட்டு ஓடோ போதும். தென்னைக்குத்தான் இங்கே பஞ்சமில்லையே! கூட்டின் நீளவாட்டம் கிழக்கு மேற்காக அமையட்டும்; அப்போது காலை மாலை வெயில் அகன்ற பக்கத்தில் நேராக அடிக்காது. மூன்றடி உயரத்துக்கு மேல் நான்கு புறமும் காற்றோட்டம் வேண்டும். ஆடிக்காற்று வீசும் மேற்குப் பக்கத்திலும், ஐப்பசி மழைச்சாரல் அடிக்கும் பக்கத்திலும் சாக்குப் படுதா ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொண்டால் வேண்டும்போது இறக்கிவிடலாம். தரையைச் சுற்றியுள்ள நிலத்தைவிட ஓரடி உயர்த்துங்கள். பகைவர்கள் பலர்: கீரி, மரநாய், பாம்பு, தெருநாய், பகலில் வல்லூறும் காகமும் குஞ்சுக்காகக் காத்திருக்கும். அகன்ற கண்ணுள்ள வலை பாம்பையும் கீரியையும் தடுக்காது. அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையே தேவை. வலையின் அடியை ஓரடி மண்ணுக்குள் புதைத்துவிட்டால் பறித்து நுழையும் கீரியும் ஏமாந்து திரும்பும்.

உள்ளே பறவை இரவில் அமர ஒரு கட்டை வேண்டும். இங்கே சிறு சிக்கல் உண்டு. நான்கு கிலோ எடையுள்ள சேவல் உயரத்திலிருந்து குதித்தால் உள்ளங்காலில் அடிபட்டு, வீங்கி, சீழ் வைக்கும். ஆகவே கட்டை தாழ்வாக இருக்க வேண்டும். விசிறிவால் தரையில் புரண்டு எச்சத்தில் நனையாதிருக்க வேண்டுமானால் கட்டை உயரமாக இருக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்றரை அடி உயரம் பொருந்தும். சுவரை ஒட்டிப் போட்டால் வாலிறகு உரசி முறியும். இரண்டரை அடி தள்ளிப் போடுங்கள். கட்டை இரண்டங்குல அகலமும் மழுங்கிய விளிம்பும் உடையதாக இருக்கட்டும். தரையில் உமியோ தென்னை நார்த்தூளோ பரப்பி, வாரமொரு முறை கிளறி, நனைந்ததை அள்ளி வாழைக்கு எருவாகப் போட்டுவிடலாம். மூலையில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழியில் நிரப்பி வையுங்கள். கோழி தானே புரண்டு, செல்லையும் பேனையும் உதிர்த்துக்கொள்ளும். அதன் குளியல் அதுவே.

தீனியைப் பொறுத்தவரை இங்கே விளையும் கம்பும் சோளமும் கேழ்வரகும் போதுமானவை. கிளிமூக்கின் அலகு வளைந்திருப்பதால் வெறுந்தரையில் சிதறிய தானியத்தைப் பொறுக்க அது சிரமப்படும். அகன்ற, சற்று ஆழமான மண்சட்டியில் வைத்துக் கொடுங்கள். குஞ்சுகளுக்குக் கரையானைப் போல வலுவான உணவு வேறில்லை. உடைந்த பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், சருகு ஆகியவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் புற்றருகே மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் விடியலில் பானை நிறையக் கரையான் இருக்கும். காசில்லாமல் கிடைக்கும் புரதச் சத்து! தண்ணீரை மண்பானையில், நிழலில், நாளுக்கு இரண்டு முறை மாற்றி வையுங்கள். சித்திரை வெயிலில் தீனியைவிட நீரே உயிர் காக்கும்.

இனி இந்த வளர்ப்பின் உண்மையான நாயகியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்காட்சியில் பரிசு வாங்குவது சேவல். அதைக் கையில் ஏந்தி நிற்பவர் வீட்டுக்காரர். முட்டையை எண்ணி, அடை வைத்து, குஞ்சைப் பருந்திடமிருந்து காத்து, அதனைச் சேவலாக்கியது பெரும்பாலும் வீட்டுப் பெண்மணி. அவருக்குத் துணை நின்றது, யாரும் விலை பேசாத சிறுவிடைப் பெட்டை. அசில் பெட்டை பாசமுள்ள தாயே என்றாலும் உடல் எடையால் முட்டையை மிதித்து உடைத்துவிடும். ஆகவே அதன் முட்டைகளை எடுத்து, எடை குறைந்த சிறுவிடைக் கோழியின் கீழ் அடை வைப்பார்கள். பிறர் பெற்ற பிள்ளையென்று அது பார்ப்பதில்லை. 21 நாள் பட்டினியும் தாகமுமாகக் கிடந்து பொரித்து, குஞ்சுகளைச் சிறகுக்குள் வைத்து வளர்க்கும்.

அடை வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக்கூடாது. மணல் நிரப்பிய மண்சட்டியில், அகன்ற முனை மேலாக வைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு சிறுவிடைக்கு ஒன்பது பெரிய முட்டைகள் போதும். ஆசைப்பட்டுக் கூட்டினால் ஓரத்து முட்டைகள் குளிர்ந்து கெடும். ஏழாம் நாள் இருட்டில் விளக்கொளியின் முன் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை போல இரத்த நாளங்கள் தெரிந்தால் கருவுண்டு. அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது ஊர் வழக்கம். இடி இடித்தால் முட்டை கெடாதிருக்க என்பார்கள். காரணம் எதுவோ, கோழிக்குத் தீங்கில்லை; ஆனால் இரும்பைக் காவலாக எண்ணாமல் இருந்தால் நமக்கும் தீங்கில்லை. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு ஏறத்தாழ 35 பாகை சூடு தேவை. தாய் இருந்தால் அதுவே தரும்; இல்லையேல் 60 வாட் மின்விளக்கொன்றைக் கூடையில் தொங்கவிட வேண்டும்.

நாட்டுக்கோழி முட்டை விற்ற காசு என்றும் பெண்களின் சிறுவாட்டுப் பணமாகவே இருந்து வந்தது. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், திடீர் விருந்தாளிக்கான செலவும், அத்தாவிடம் கேட்கத் தயங்கிய சிறு தேவைகளும் அதில் அடங்கின. விலை ஆயிரங்களுக்கு ஏறிய பின்பு அந்தப் பணம் ஆண்களின் பைக்குள் இடம் மாறிவிட்டதைப் பார்க்கிறேன். கொல்லையில் உழைப்பவர் யாரோ அவர் பங்கை ஒதுக்கிவைப்பது குடும்பத்தலைவரின் கடமையன்றோ? இதைப் படிக்கும் சகோதரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என நம்புகிறேன்.

'அஸீல்' என்ற பெயரைக் காப்பாற்ற ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்தச் சேவல், எந்தப் பெட்டை, எந்த நாளில் அடை, எத்தனை குஞ்சு என்று எழுதி வையுங்கள். தூய்மை என்று சொல்லிக்கொண்டு அண்ணன் தங்கையையே தலைமுறை தலைமுறையாக இணைத்தால் முட்டை கருத்தரிக்காது, குஞ்சு வலுவிழக்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வேறூரில் இதே இனத்தை வளர்ப்பவரோடு சேவலை மாற்றிக்கொள்வதே நல்ல வழி. தேவதானப்பட்டிக்காரர் பெரியகுளத்தாரோடும் அய்யம்பாளையத்தாரோடும் அப்படி மாற்றிக்கொண்டால், காசு கைமாறாமலே இனம் வாழும்.

கடைசியாக நோயைப் பற்றி. கோடையின் தொடக்கத்தில் ஓரிரு நாளில் கொல்லையையே காலி செய்துவிடக்கூடியது வெள்ளைக்கழிச்சல். இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத் என்ற ஊரின் பெயரால் 1920களிலிருந்து இந்நாட்டில் அறியப்பட்ட நோய் அது. வந்தபின் மருந்தில்லை. சின்ன வெங்காயமும் சீரகமும் மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுப்பதால் கோழிக்குத் தெம்பு வரலாம். தடுப்பூசிக்கு அது ஈடாகாது. குஞ்சுக்கு 7ஆம் நாளும் 28ஆம் நாளும் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, 8ஆம் வாரம் இறக்கைத் தோலுக்கடியில் ஊசி என்பதே முறை. ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறார்கள். கூடுதல் ஐயம் இருந்தால் தேனியில் 2020ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும் அருகிலேயே இருக்கிறது. முகாம் நாளன்று கூட்டைக் காலையில் திறந்துவிடாதீர்கள். திறந்துவிட்ட அசில் சேவலை மாமரத்தடியில் துரத்திப் பிடிப்பதற்குள் மருத்துவர் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். முதல் நாள் இரவே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் தண்ணீர் காட்டி, வெயில் ஏறுமுன் கொண்டு செல்லுங்கள். மருந்தை நீங்களே வாங்கி வருவதாக இருந்தால், பனிக்கட்டி போட்ட குடுவையில் வைத்தே எடுத்து வாருங்கள்.